லோடு ஏறினால் குளிர் இறங்குகிறது: பேஸ் சேஞ்ச் கூலர் பற்றி உதவி தேவை

நண்பர்களே, பழைய ஜன்னல் ஏசியின் கம்ப்ரசரை வைத்து கம்ப்யூட்டரின் எஃப்எக்ஸ்-8350 பிராசசருக்கு ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பேஸ் சேஞ்ச் கூலர் (ஃப்ரிட்ஜ் போல, திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும் கூலர்; ஒரே கம்ப்ரசர் சுற்று) செய்திருக்கிறேன். கேஸ் ஆர்290, அதாவது புரொப்பேன். கொதிநிலை மைனஸ் 42 டிகிரி என்பதால் தேர்ந்தெடுத்தேன். (தீப்பிடிக்கும் கேஸ்தான். சார்ஜ் செய்வதெல்லாம் மொட்டை மாடியில்தான், திட்ட வேண்டாம்.)

பிராசசர் சும்மா இருக்கும்போது எவாப்பரேட்டர் (பிராசசர் மேல் உட்காரும், திரவம் ஆவியாகும் பகுதி) மைனஸ் 38 காட்டுகிறது. சக்‌ஷன் குழாயில் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய்) கம்ப்ரசரின் வாய் வரைக்கும் வெண்பனி படிகிறது. ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போய் அதைக் கெடுத்துவிடுமோ என்று பயம். ஆனால் வோல்டேஜ் ஏற்றி ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினால் மைனஸ் 10-க்கு வந்துவிடுகிறது, குழாயில் பனியும் காணாமல் போகிறது. பிராசசர் 125 வாட் என்று பெயர்தான், ஓவர்கிளாக்கில் 200-ஐ எளிதாகத் தாண்டும்.

தெரிந்த ஏசி மெக்கானிக் அண்ணன் "கேஸ் பத்தல, இன்னும் ஏத்து" என்கிறார். ஏற்றினால் லோடு இல்லாதபோது திரவம் இன்னும் அதிகமாகத் திரும்புமே? கேபிலரி (எவாப்பரேட்டருக்குப் போகும் திரவத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய குழாய்) நீளத்தைக் குறைப்பதா, அதை எடுத்துவிட்டு லோடுக்குத் தகுந்தபடி திறந்து மூடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு போடுவதா? சக்‌ஷனில் அக்யூமுலேட்டர் (திரும்பி வரும் திரவத்தைப் பிடித்துவைக்கும் டப்பா) ஒன்று சேர்த்தால் போதுமா? இல்லை, ஏசி கம்ப்ரசரே இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலைக்கு லாயக்கில்லையா, டீப் ஃப்ரீசர் கம்ப்ரசர்தான் வேண்டுமா?

அப்புறம், சென்னை ஈரக்காற்றில் சாக்கெட்டைச் சுற்றி வியர்க்காமல் இருக்க ஃபோம், வாசலின் தவிர வேறு என்ன போடுகிறீர்கள்? கையால் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. பிரஷர் அளவுகள், படங்கள் கேட்டால் கமெண்டில் போடுகிறேன்.