நப்பின்னை என்ற பெயருள்ளவரைச் சந்தித்திருக்கிறீர்களா? மூன்று பேர் சொன்ன பதில்கள் இவை.

வருகைப் பதிவேட்டில் பார்த்ததும் எழுத்துப்பிழை என்றே நினைத்தேன். நான் கணக்கு ஆசிரியை. “நற்பின்னை” என்று திருத்தி வாசித்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “மிஸ், ற் இல்லை, ப். நப்பின்னை.” ஏற்கெனவே ஒரு சான்றிதழில் இதே மாதிரி அச்சிட்டு, அதை மாற்ற அவளுடைய அப்பா பல தடவை அலைந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

இடைவேளையில் பொருள் கேட்டேன். ‘ந’ சிறப்பைக் காட்ட முன்னால் சேர்வதாம். கீரர் நக்கீரர் ஆனது போல, செள்ளை நச்செள்ளை ஆனது போல. பின்னை என்றால் பின் பிறந்தவள், தங்கை. “எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் மிஸ், அதான்” என்றாள். இவ்வளவு அன்பான பெயரையா பிழை என்று நினைத்தேன்!

*

எங்கள் பெரியம்மா பெயரும் இதுதான். திருப்பாவையில் 18, 19, 20 மூன்று பாட்டிலும் கண்ணனின் தேவியாக நப்பின்னை வருகிறாள். மார்கழி 18 அன்று பெரியம்மா கை நிறைய வளையல் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார், ‘சீரார் வளையொலிப்ப’ என்ற அடிக்காக. ராமானுஜர் அந்தப் பாட்டைப் பாடியபடி பிச்சைக்குப் போனபோது, ஆசாரியரின் மகள் வளையல் குலுங்கக் கதவைத் திறந்தாளாம். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் மயங்கி விழுந்தார் என்பார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிடும்.

*

நானே நப்பின்னைதான். சின்ன வயதில், “பின்னைதானே, பின்னாடி போ” என்று வரிசையில் கடைசிக்குத் தள்ளுவார்கள். பேரை மாற்றச் சொல்லி வீட்டில் அழுதிருக்கிறேன்.

அப்புறம் சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை படித்தேன். குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று மதுரையின் ஆயர் பெண்கள் பயப்படுகிறார்கள். அன்று மாயவனான கண்ணனும் அவன் அண்ணன் பலராமனும் பின்னையும் ஆடிய குரவைக் கூத்தை நாமும் ஆடுவோம் என்று கை கோக்கிறார்கள். ஏழு பெண்கள், ஆளுக்கொரு சுரம். குரல் என்ற சுரம் மாயவன், இளி என்ற சுரம் பலராமன், துத்தம் என்ற சுரம் பின்னை.

என் பெயருக்கு ஒரு சுரமே இருக்கிறது! மறுநாளே பாட்டு டீச்சரிடம் துத்தம் எது என்று கேட்டேன். ‘ரி’ என்று பாடிக் காட்டினார். வீடு வரைக்கும் அதையே பாடிக்கொண்டு போனேன்.