தாத்தா நினைவு நிதி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

மதுரை மாமா, 8.12
என் மாமனார் நினைவு நாளுக்குச் சேர்ந்த பணம் 1,20,000 ரூபாய் ஆகிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கு 4 கம்ப்யூட்டர் வாங்கி, பெயர்ப் பலகை வைத்துவிடலாம். கடையில் பேசிவிட்டேன். மச்சான், நீங்கள் சரி என்றால் நாளைக்கே முன்பணம் கொடுக்கிறேன்.

கார்த்திக், 8.15
மாமா, கொஞ்சம் பொறுங்கள். அதே பணத்தில் ராஸ்பெர்ரி பை போர்டு வாங்கினால் 10 பிள்ளைகள் உட்காரலாம். ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும். கீபோர்டு, மௌஸ், மானிட்டர் மாட்டினால் அதுவே முழு கம்ப்யூட்டர்.

செல்வி அத்தை, 8.21
கார்த்திக், ஒரு நாள் என் பள்ளிக்கு வந்து பீரோவைத் திறந்து பார். 8 போர்டு இருக்கிறது. யாரோ நல்ல மனதோடு கொடுத்தது. மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது.

மதுரை மாமா, 8.21
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செல்வி அத்தை, 8.22
நீங்கள் அதைச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு குழுவில் எனக்கு ஆமாம் போடாதீர்கள்.

கார்த்திக், 8.23
😀 ஏன் அத்தை பூட்டினார்கள்?

செல்வி அத்தை, 8.34
சொல்கிறேன், பொறுமையாகப் படி. முதல் நாளே மானிட்டரில் மாட்ட முடியவில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் விஜிஏ என்ற பழைய வகை இணைப்புள்ள மானிட்டர், போர்டில் புது டிவிக்கு மாட்டுகிற ஹெச்டிஎம்ஐ இணைப்பு மட்டும். நடுவில் மாட்டும் கன்வர்ட்டரைத் தலைமையாசிரியர் கைக்காசு போட்டு வாங்கினார். அப்புறம் சார்ஜர். பழைய போன் சார்ஜரைக் கொண்டுவந்து குத்தினோம். திரை ஓரத்தில் மின்னல் மாதிரி ஒரு படம் வரும், அப்படியே நின்றுவிடும். எல்லாம் சரி செய்து ஒரு மாதம் ஓடியது. நாலு மணி பெல் அடித்ததும் பையன்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடுவார்கள். அடுத்த வாரம் மூன்று போர்டு எழவே இல்லை. சிவப்பு விளக்கு எரியும், பச்சை விளக்கு சிமிட்டாது. அவ்வளவுதான்.

கார்த்திக், 8.41
உள்ளே செருகுகிற எஸ்டி மெமரி கார்டு போய்விட்டது அத்தை, போர்டு நன்றாகத்தான் இருக்கும். இதில் ஹார்டு டிஸ்க் கிடையாது, எல்லாமே அந்தக் கார்டில்தான். அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே குழம்பிவிடும். வேறு கார்டில் அந்த சாஃப்ட்வேரை மறுபடி எழுதிப் போட்டால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடும். மின்னல் படம் வந்தால் 5 வோல்ட் சரியாக வரவில்லை என்று அர்த்தம். 'பை 3' என்ற மாடலுக்கு 2.5 ஆம்பியர் வேண்டும், 'பை 4' மாடலுக்கு 3 ஆம்பியர். பழைய போன் சார்ஜர் அந்தப் பாரத்தைத் தாங்காது.

செல்வி அத்தை, 8.43
இதை அன்றைக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையே. தேதியும் தகராறு. வாரம் ஒரு பீரியடுதான் திறப்போம். தொடங்கினால் தேதி போன வாரத்திலேயே நிற்கும்.

கார்த்திக், 8.45
உள்ளே கடிகாரம் கிடையாது அத்தை. இன்டர்நெட் இருந்தால் அங்கிருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளும். இல்லையென்றால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து எண்ணும். 'பை 5' மாடலில்தான் கடிகாரம் வந்தது. அதற்கும் பேட்டரி தனியாக வாங்க வேண்டும்.

மதுரை மாமா, 8.46
தனி, தனி, எல்லாமே தனி. கல்யாணச் சமையல்காரர் கொடுக்கிற பட்டியல் மாதிரி நீண்டுகொண்டே போகிறதே.

பெரியப்பா, 8.58
எல்லாவற்றையும் படித்தேன். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாடு முழுவதும் முதலில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளிக்கும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். பையன்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள், தொடக்கூடாது. சுவிட்சைப் போட்டால் ஒரு பீப் சத்தம், கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரி, கீழே ஒரு குறி. வேறு ஒன்றும் வராது. நாம் ஏதாவது எழுதினால்தான் அது ஏதாவது செய்யும். பள்ளி விட்ட பிறகு தனியாக உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு வரவைத்தேன். பையன்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்தல்தான்.

கார்த்திக், 9.04
பெரியப்பா! அந்த பிபிசி மைக்ரோவைச் செய்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி. அதே கம்பெனியில் 1985-ல் பிறந்த ஏஆர்எம் என்ற மூளைச் சிப்பின் வம்சம்தான் இந்த போர்டிலும் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் போனிலும் இருக்கிறது. இன்னொன்று, சுவிட்சைப் போட்டதும் எழுதக் கூப்பிடுகிற அந்த மாதிரி கம்ப்யூட்டர்கள் வீடுகளிலிருந்து போய்விட்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பிப்பவர்களும் குறைந்தார்கள், வந்தவர்களுக்கும் புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை. அதைப் பார்த்துத்தான் அங்கே பாடம் நடத்திய எபன் அப்டனும் கூட்டாளிகளும் இந்த ராஸ்பெர்ரி பையைச் செய்ய இறங்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

பெரியப்பா, 9.06
அப்படியானால் பழைய சிநேகிதனின் பேரன் என்று சொல்.

ரம்யா அக்கா, 9.10
அப்பா, இங்கே இங்கிலாந்தில் 2016-ல் 7ஆம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மைக்ரோபிட் என்று ஒரு குட்டி கம்ப்யூட்டரை இலவசமாகக் கொடுத்தார்கள், பிரிட்டன் முழுவதும் சுமார் 10 லட்சம். நம் பெரியவனுக்கும் வந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும், 25 குட்டி விளக்கு, இரண்டு பட்டன். வீட்டுக்கே எடுத்துவரலாம். அதை ஆட்டினால் பகடை மாதிரி எண் வரும்படி செய்து, தாயக்கட்டைக்குப் பதில் வைத்துக்கொண்டு என்னைத் தோற்கடித்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டீச்சருக்கு ஆர்வம் இல்லாத வகுப்புகளில் அதுவும் மேஜை டிராயருக்குள்தான் போனது.

செல்வி அத்தை, 9.17
அதேதான் ரம்யா. ஆனால் ஒரு நாள் மட்டும் நன்றாக நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். போர்டின் ஓரத்தில் 40 பின் இருக்கிறதே, அதில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு குட்டி எல்இடி விளக்கும் மாட்டி அணைந்து எரியவைத்தோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பேசவே மாட்டாள். புரோகிராமில் எத்தனை விநாடி என்பதற்கு 1 என்று இருந்த இடத்தில் 0.1 என்று மாற்றிவிட்டு, "டீச்சர், கல்யாண வீட்டு சீரியல் செட்!" என்று கத்தினாள். மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே வந்து, சாவி கேட்டு நின்றாள். நான்தான் பத்து மணிக்கு மேல் வா என்று அனுப்பிவிட்டேன்.

கார்த்திக், 9.19
அத்தை, அவளுக்காகவே வாங்கலாம். 10 வேண்டாம், 6 போதும். மீதிப் பணத்தில் ஒவ்வொன்றுக்கும் சரியான சார்ஜர், கன்வர்ட்டர், இரண்டு உபரி கார்டு. கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டிவைக்க ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் மெயினை அணைத்தாலும் கவலையில்லை. பிள்ளைகளின் வேலையைப் பென்டிரைவில் வைக்கலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப 5 மைக்ரோபிட்.

செல்வி அத்தை, 9.22
கார்டை எழுதுவது எப்படி என்று அந்தப் பள்ளி டீச்சர்கள் இரண்டு பேருக்காவது நீ உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் இன்னொருவர் இருப்பார். வீடியோ அனுப்பித் தப்பிக்கப் பார்க்காதே. என் பீரோவில் உள்ள எட்டையும் அப்படியே பார்த்துவிடு.

கார்த்திக், 9.23
இரண்டு சனிக்கிழமை லீவு போட்டு வருகிறேன். போதுமா?

மதுரை மாமா, 9.25
பெயர்ப் பலகையை எங்கே வைப்பது? போர்டைவிடப் பலகை பெரிதாக இருக்குமே.

பெரியப்பா, 9.27
மாப்பிள்ளை, அப்பாவுக்குப் பலகை வேண்டாம். அறைச் சாவி பியூனிடம் இல்லாமல் பிள்ளைகள் கையில் இருக்கட்டும் என்று தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன். கார்த்திக், சுவிட்சைப் போட்டால் அந்த பீப் சத்தம் வருமா?

கார்த்திக், 9.28
வராது பெரியப்பா. ஸ்பீக்கர் தனி.

பெரியப்பா, 9.28
பட்டியலில் அதையும் சேர்.