க்ளோட்ரிமசோல் மாத்திரை காலையில் வழிந்துவிடுகிறது, வீணா?

திருமங்கலத்திலிருந்து: வெள்ளைப்படுதல், அரிப்புக்கு பிறப்புறுப்புக்குள்ள வைக்கிற பூஞ்சை மாத்திரை க்ளோட்ரிமசோல் 100 மி.கி. 6 ராத்திரிக்கு எழுதியிருக்காங்க. காலையில மாவு மாதிரி வெளிய வருது. வேற மாத்திரை வைக்கணுமா அக்கா?

செவிலியர், மேலூர்: வேணாம்மா. கரைஞ்ச மாத்திரையோட மாவுதான் அது, மருந்து உள்ள தங்கியிருக்கும். முழுசா விழுந்தா ஆழம் பத்தலைன்னு அர்த்தம். ஒன்னுக்குப் போயிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, படுக்கப்போறப்ப வைங்க. மல்லாந்து முட்டியை மடக்கி, அப்ளிகேட்டரால (மாத்திரையை உள்ள தள்ளுற குழாய்) வலிக்காத அளவு உள்ள தள்ளணும். வச்சுட்டு நடமாடாதீங்க. துணிக்கு நாப்கின் போதும். உள்ள வைக்கிற டாம்பான் வேணாம், அது மருந்தை உறிஞ்சிரும். அரிப்பு 2, 3 நாள்ல அடங்கினாலும் 6 ராத்திரியும் முடிக்கணும். மாசமா இருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லுங்க, வாயில போடுற பூஞ்சை மாத்திரை ஃப்ளூகோனசோலை நீங்களா விழுங்காதீங்க.

மருந்தாளுநர், கோரிப்பாளையம்: வெளி அரிப்புக்கு 1% க்ளோட்ரிமசோல் கிரீம் மட்டும் கேளுங்க. சும்மா "அரிப்பு கிரீம்"னு கேட்டா க்ளோபெட்டசால் கலந்தது கைக்கு வரும். அந்த ஸ்டீராய்டு எரிச்சலை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும், தோலும் மெலியும். டியூப்ல பேரைப் படிச்சுட்டு வாங்குங்க. சித்திரை வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ள போட்டு வைக்காதீங்க. இந்த மருந்து ஆணுறை ரப்பரைக் கெடுக்கும், அதனால முடியற வரை உறவு வேண்டாம்.

செவிலியர், மேலூர்: இன்னொன்னு. தயிர்த் திப்பி மாதிரி, வாடை இல்லாம இருந்தாத்தான் பெரும்பாலும் பூஞ்சை. மீன் கவிச்சி, பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல்னா இந்த மருந்து கேக்காது. திரும்பத் திரும்ப வந்தா பெரியாஸ்பத்திரியில சுகரையும் பாத்துருங்க.