கத்திரி வெயில்: 2 அடி மீன்தொட்டியில் தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டுகிறது, என்ன செய்யலாம்?

கப்பி_வேளச்சேரி:
வணக்கம். வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. தொட்டி 24×12×12 அங்குலம், மணலும் கல்லும் போகச் சுமார் 48 லிட்டர் தண்ணீர். மூடிய ஹூட், அதில் 18 வாட் எல்இடி. உள்ளே 12 வாட் இன்டர்னல் ஃபில்டர். மீன்கள்: கப்பி 12, நியான் டெட்ரா 6. கண்ணாடித் தெர்மாமீட்டரில் மாலை 4 மணிக்கு 33.5, விடியற்காலையில் 31. நியான்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐஸ் கட்டி போடலாமா? சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்குவது கட்டுப்படியாகாது.

நீர்ப்பாசி:
ஐஸ் வேண்டாம் சார். கணக்குப் போட்டுப் பாருங்க. அரை லிட்டர் பாட்டிலை உறைய வைத்து மிதக்கவிட்டால் 48 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரிதான் இறங்கும். அறை சூடாகவே இருப்பதால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிவிடும். இறங்கி ஏறி இறங்கி ஏறுவதுதான் மீனை வாட்டும். நிலையான 31ஐத் தாங்கும் கப்பி, ஒரே நாளில் நாலு தடவை ஊசலாடினால் நோயில் விழும்.

இப்போதைக்கு உடனடிப் பிரச்சினை சூட்டைவிட ஆக்சிஜன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடிக்கும், 33 டிகிரியில் 7.2தான். அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிகமாகக் கேட்கும். நீங்க சொல்ற வாய் திறப்பு அதுதான். இன்னைக்கே செய்ய வேண்டியது:

ஹூட்டைக் கழற்றிடுங்க. அந்த மூடிக்குள்ள காற்று ஈரத்தோடு அடைபட்டிருக்கு, ஆவியாக வழியே இல்லை. கப்பி துள்ளும், அதனால் கொசுவலைத் துண்டை ஃப்ரேமில் இழுத்துக் கட்டுங்க. ஒரு ஏர் பம்ப், அதன் குழாய் முனையில் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோன் போடுங்க. ஃபில்டர் வாயை மேல்மட்டத்தை ஒட்டித் திருப்பி, தண்ணீர் அலையடிக்கிற மாதிரி வையுங்க. தீனி பாதி, காலையில் மட்டும்.

பிறகு ஃபேன். கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற 12 வோல்ட் 120 மி.மீ. ஃபேன் ஒன்று, 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர். தொட்டி விளிம்பில் சாய்வாக, தண்ணீருக்கு 2 அங்குலம் மேலே, மேல்மட்டத்தை நீளவாக்கில் காற்று வருடிப் போகிற மாதிரி. நேர் கீழ்நோக்கி அடிச்சா தெறிக்கும், ஃபேன் துருப்பிடிக்கும். வயரை ஒரு தடவை கீழே தொங்கவிட்டு அப்புறம் பிளக்குக்குக் கொண்டு போங்க. வயரில் வழியும் சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துடும், பிளக்குக்குப் போகாது. 4 டிகிரி இறங்கும்.

கடலோரம்:
முன்னவர் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். அந்த 4 டிகிரி திருச்சியிலோ வேலூரிலோ கிடைக்கும், சென்னையில் கிடைக்காது. ஃபேன் குளிர்விப்பது ஆவியாதலால். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அது உங்கள் தொட்டி முழுவதையும் 12 டிகிரி குளிர்விக்கப் போதுமான அளவு. ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாதல் மட்டுப்படும். உள்மாவட்டத்தில் 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியாதலால் தண்ணீர் இறங்கக்கூடிய எல்லை 24 டிகிரி அளவில். சென்னையில் 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் அந்த எல்லையே 28.5. நடைமுறையில் அதற்கு ஒன்றரை, இரண்டு டிகிரி மேலேயே நின்றுவிடும். ஆக வேளச்சேரியில் மே மாதப் பிற்பகலுக்கு 30.5 என்று எதிர்பாருங்கள்.

ஜன்னலை மூடிவைத்த அறையில் ஃபேன் ஓடினால், ஆவியான ஈரம் அறையிலேயே தங்கி ஃபேனின் பலன் குறைந்துகொண்டே போகும். காற்று வெளியேற வழி இருக்கட்டும்.

அந்த இன்டர்னல் ஃபில்டரையும் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கிய மோட்டார் எடுக்கும் 12 வாட்டும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். இந்த அளவுத் தொட்டியில் அது சுமார் ஒரு டிகிரி. ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மோட்டார் வெளியே, வெப்பமும் வெளியே. ஆனால் பழையதை உடனே எடுத்துவிடாதீர்கள். இரண்டையும் 4 வாரம் சேர்த்து ஓட்டி, மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா புது ஸ்பாஞ்சில் பிடித்த பிறகு எடுங்கள். சூட்டில் அம்மோனியாவின் விஷத்தன்மை கூடும்: பிஎச் 8 உள்ள தண்ணீரில், 25 டிகிரியில் அதன் 5.4 சதவீதம் விஷ வடிவில் இருக்கும், 32 டிகிரியில் 8 சதவீதத்தைத் தாண்டும். இந்த மாதத்தில் பாக்டீரியாவை இழக்கக் கூடாது.

விளக்கை மாலை 6 முதல் 11 வரை மாற்றுங்கள். மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் அரை அடி தள்ளி, இடையில் ஒரு அங்குலத் தெர்மாகோல் வையுங்கள்.

நியான் டெட்ராவுக்கு 30 டிகிரி நீண்ட நாள் ஒத்துவராது. கப்பியை இதே ஏற்பாட்டில் காப்பாற்றலாம். நியானை ஏசி அறையில் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதே அந்த மீனுக்கு நல்லது.

கப்பி_வேளச்சேரி:
நன்றி. ஹூட் கழற்றி, ஏர் ஸ்டோன் போட்டாச்சு, மேலே வருவது குறைந்திருக்கு. இரண்டு சந்தேகம். குறையும் தண்ணீரை எதை ஊற்றி நிரப்புவது? ஃபேனை இரவும் ஓட்டணுமா?

நீர்ப்பாசி:
சென்னை விஷயத்தில் கடலோரம் சொன்னதுதான் சரி.

தினமும் ஒரு லிட்டர் அளவுக்குக் குறையும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கும். போர் தண்ணீரையே ஊற்றிக்கிட்டிருந்தா ஒரு மாசத்தில் கடினத்தன்மை எகிறிடும். நிரப்புவதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர். வாரம் 10 லிட்டர் மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர், ஆனா மாடி டேங்க்கில் இருந்து பகலில் நேராப் பிடிக்காதீங்க, கொதிக்கும். முந்தின ராத்திரியே வாளியில் பிடிச்சு, மெட்ரோ தண்ணீர்னா ஆன்டி-குளோரின் போட்டு, காலையில் தெர்மாமீட்டரை வாளியில் வச்சுப் பாருங்க. தொட்டிக்கும் வாளிக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

ஃபேனுக்கு எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் போட்டா கவலை இல்லை, வெப்பநிலையைப் பார்த்து அதுவே ஃபேனை ஓட்டி நிறுத்தும். அடாப்டரை அதன் கூலிங் ரிலேயில் (குளிர்விக்கும் கருவிக்கான தானியங்கி சுவிட்ச்) இணைக்கணும். அதன் அமைப்புகளில் எஃப்1ல் (நிற்க வேண்டிய வெப்பநிலை) 28, எஃப்2ல் (அதற்கு மேல் எத்தனை டிகிரி ஏறினா ஓடணும்) 1, எஃப்3ல் (தாமத நிமிடம்) 1. 29க்கு ஓட ஆரம்பிச்சு 28க்கு நிற்கும். எஃப்3 கம்ப்ரசருக்கான தாமதம், ஃபேனுக்குக் குறைந்தபட்சம் போதும். சென்சார் முனையை ஃபேன் காற்றில் படாம, தண்ணீரில் பாதி ஆழத்தில் வையுங்க. இது 230 வோல்ட் இணைப்பு, திறந்த முனைகள் உண்டு; டப்பாவில் அடைச்சு, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து இணையுங்க.

கடலோரம்:
மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். 5 வோல்ட் யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றரை வாட் எடுக்கும். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் பகல் முழுவதும் தாராளமாகத் தாங்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரே திசையில் மட்டும் விடும் அடைப்பான்) அவசியம், இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி வந்து பம்ப்பை நனைத்துவிடும். இன்டர்னல் ஃபில்டர் மூன்று, நான்கு மணி நேரம் நின்றுபோயிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய ஆக்சிஜனற்ற அழுக்கு மொத்தமும் தொட்டிக்குள் வரும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு குவளை தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசிவிட்டுப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.