புதுப்பிப்பு: ஃபுளோரன்சின் பழைய நறுமண மருந்தகமும் கிருஷ்ணகிரி வந்த பன்னீரும்

இத்தாலியின் ஃபுளோரன்சிலுள்ள சாந்தா மரியா நொவெல்லா மருந்தகத்துக்குச் செல்லும் வழியையும், அங்கு வாங்கும் பன்னீரைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவரும் முறையையும் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மருந்தகத்தை அதே பெயருள்ள தேவாலயத்துக்குள் தேடாமல் ஸ்காலா தெரு 16ஆம் எண் வாசலுக்குப் போகும்படி ஓசூர் நண்பர் சொன்னதே சரியாக இருந்தது; தேவாலயத்துக்குத்தான் கட்டணம், கடைக்கு இல்லை. மூலிகை வளர்த்து மருந்து செய்த தொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவியர் 1612இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அந்த இடத்தில், முன்பு சிற்றாலயமாக இருந்து இன்று விற்பனைக்கூடமாகியிருக்கும் அறையின் கூரையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன்.

100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டியைப் பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள் என்பதால், துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்கச் சொன்ன அக்காவின் யோசனைப்படி செய்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எதிர்பாராதது, பெட்டியில் கூடவே வைத்த, உலர்பூவும் மூலிகையும் கலந்த பொட்டலத்தின் மணம் துணிகள் அனைத்திலும் ஏறிவிட்டது. அதைத் தனி டப்பாவில் அடைப்பது நல்லது.