கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி – கோவை வாசகி

வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் கும்பகோணம் வரும்போது கங்கைகொண்ட சோழபுரம் போகலாம் என்றிருக்கிறோம். "அங்கே ஒரு கோயில்தான், ஒரு மணி நேரம் போதும்" என்கிறார் என் கணவர். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊரில் நகரத்தின் தடயமே இல்லையா? பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் வருகிறாள்.

பதில் – ஜெயங்கொண்டத்துக்காரன்

அம்மா, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

நகரம் இருக்கிறது, மண்ணுக்கடியில். கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு என்ற சிற்றூர். சோழ அரண்மனையின் செங்கல் சுவர்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கேதான் தோண்டி எடுத்தது. 1980களில் தொடங்கிய அகழாய்வு அண்மை ஆண்டுகளிலும் நடந்திருக்கிறது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. சீனத்தோடு நடந்த கடல் வணிகத்தைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அந்தப் பீங்கான் சில்லு ஒன்று போதும்.

சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களையும் மகளிடம் சொல்லிக்கொண்டே வாருங்கள்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். கோட்டை போய்விட்டது, பெயர்கள் போகவில்லை.

மேற்கே பொன்னேரி. ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரி இதுதான். கங்கை நீரைக் கொண்டுவந்து நிறுத்திய நீர்மயமான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைப் புகழ்கிறது. வெற்றிக்குக் கல்தூண் நடாமல் ஏரி வெட்டிய அரசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கோயிலில், வடக்கு வாசல் படிக்கட்டருகே சண்டேச அனுக்கிரகமூர்த்தியைத் தவறவிடாதீர்கள். உமையுடன் அமர்ந்த சிவன், கைகூப்பிப் பணிந்திருக்கும் அடியார் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அந்த விரல்களைப் பாருங்கள். குழந்தைக்குத் தலைவாரிவிடும் தகப்பனின் கை அது. அதே வாசலின் மறுபக்கம் சரஸ்வதி. விமானம் சுமார் 55 மீட்டர், தஞ்சையைவிடக் குறைவுதான். ஆனால் தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது, இது உள்வளைந்து ஏறுகிறது. உயரத்தை வைத்து இதை இரண்டாமிடத்தில் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பதில் – அணைக்கரை வாசகர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கோயிலின் சுற்றுமதில் ஏன் சிதைந்து கிடக்கிறது என்று மகள் கட்டாயம் கேட்பாள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இங்கிருந்து கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நீங்கள் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகத்தானே வருவீர்கள்? முதலில் அந்த அணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். எங்கள் வயல்களுக்கு நீர் தரும் அணைதான். இருந்தாலும் அந்த மதிலை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கோவை வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று வந்தால் நன்றாயிருக்குமா?

ஜெயங்கொண்டத்துக்காரன்

சாமி பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. ஏறத்தாழ 13 அடி உயர லிங்கத்தைச் சோற்றால் மூடுவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரளும். ஆனால் சிற்பத்தின் எதிரே நின்று ரசிக்க முடியாது. அதற்கு வேறொரு நாளில் காலையிலேயே வாருங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கல்தரையும் வெறுங்காலோடு நடக்க விடாது. மாளிகைமேட்டில் நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.