விறகும் உண்ணியும்: புரட்டாசியில் கேட்டதற்குப் புதுப்பிப்பு

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வளவில் அடுக்கிய விறகு, பொலித்தீன் போட்டு மூடியும் பூஞ்சணம் பிடிக்கிறது, விறகு பொறுக்கப் போனால் உண்ணி ஏறுகிறது என்று புரட்டாசியில் கேட்டிருந்தேன். மாரி முடியப் போகிறது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிழை மூடிய விதத்தில்தான். நிலம்வரை சுற்றிக் கட்டியதால் ஈரம் வெளியேற வழியில்லை. இம்முறை சீமெந்துக் கல் வைத்து, குறுக்கே மரச்சட்டம் போட்டு, ஒரு சாண் உயரத்தில் அடுக்கினேன். மேலே மட்டும் தகரம், சரிவாக. பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. வடகீழ்ப் பருவ மழை சாய்த்து அடிக்கும் பக்கத்தில் ஒரு கிடுகுத் தட்டி, அதுவும் விறகில் முட்டாமல். சுவரோடு சேர்த்து அடுக்கவில்லை, கறையான் பயம். தடித்த கட்டைகளை மழைக்கு முன்பே பிளந்தது பெரிய உதவி. காய்ந்த இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரமென்றால் மந்தமான சத்தம்தான். மார்கழி அடைமழையிலும் அம்மா புகையில்லாமல் அடுப்பு மூட்டினார். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

சரி, உண்ணி. மாடு மேயும் பற்றைக்குள் சாரத்தோடு போவதை விட்டுவிட்டேன். வெளிர்நிறக் காற்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். வந்ததும் குளிப்பு, முழங்கால் மடிப்பும் அக்குளும் கட்டாயம் பார்ப்பேன். கடித்திருந்தால் மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வேண்டாம். கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.